பழகும் காலத்தின் கணக்கு: கைவிசைப் பின்னல் இயந்திரங்களின் கதை

மேசை விளிம்பில் திருகிப் பொருத்தப்பட்ட ஓர் இரும்பு உருளை. அதைச் சுற்றிலும் செங்குத்தான காடிகள். காடிக்கு ஓர் ஊசி. கைப்பிடியைச் சுழற்றினால் ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, நூலைக் கவ்வித் தாழ்ந்து, பழைய கண்ணியினூடே புதிய கண்ணியை இழுத்துவிடுகின்றன. கீழே குழாய் வடிவில் கம்பளித் துணி இறங்குகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் காலுறை பின்னுவதற்கென்று அமெரிக்காவிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் விற்கப்பட்ட இந்த இயந்திரங்களை, இன்று பொழுதுபோக்காகப் பின்னுவோர் தேடி வாங்குகின்றனர். துருவை நீக்கி, எண்ணெயிட்டு, மீண்டும் ஓட்டப் பழகுகின்றனர்.

முதல் நாட்களில் காலுறை வருவதில்லை. நூல் சற்று இறுகினால் கண்ணி ஊசியைவிட்டு இறங்காது, தளர்ந்தால் நழுவும், கீழே தொங்கும் எடை குறைந்தால் கண்ணிகள் மேலேறிச் சிக்கிக்கொள்ளும். எல்லாம் சரியாக அமைந்த பின்னர் வருவது குதிகால். பாதி ஊசிகளை வேலையிலிருந்து உயர்த்தி நிறுத்திவிட்டு, கைப்பிடியை முன்னும் பின்னுமாக ஆட்டி, ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் ஊசியை உயர்த்தி, பின் அதே கணக்கில் ஒவ்வொன்றாகத் தாழ்த்த வேண்டும். ஒன்று தவறினாலும் துளை விழும். பழகிய கை ஒரு மணி நேரத்திற்குள் முடிக்கும் காலுறைக்குப் புதியவரின் கை பல வாரங்களைக் கேட்கிறது. இந்த வாரங்கள் காப்புரிமைப் பத்திரத்திலும் இடம்பெறவில்லை, விலைப்பட்டியலிலும் இடம்பெறவில்லை. ஆயினும் பின்னல் இயந்திரத்தின் வரலாறு பெரிதும் இந்தக் கணக்கைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது: பழகும் காலத்தின் செலவை யார் சுமப்பது?

1589இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயர் பகுதியைச் சேர்ந்த கால்வர்டன் என்ற ஊரில் வில்லியம் லீ முதல் காலுறைச் சட்டகத்தை அமைத்தார். இரண்டு ஊசிகளால் ஒவ்வொரு கண்ணியாக விரல்கள் செய்த வேலையை, ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதையும் ஒருசேரச் செய்யும் வேலையாக அது மாற்றியது. எலிசபெத் அரசி காப்புரிமை தர மறுத்தார். லீ பிரான்ஸ் சென்று ரூவான் நகரில் தொழில் தொடங்கினார். ஆதரவளித்த நான்காம் ஹென்றி 1610இல் கொலையுண்டபின் அங்கும் நிலை சரிந்தது. லீ வறுமையில் இறந்தார். ஆனால் அவருடைய சட்டகம் இங்கிலாந்துக்குத் திரும்பி வேரூன்றியது. 1657இல் சட்டகப் பின்னலாளர்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் உரிமைப் பட்டயம் பெற்றது. தொழிலுக்குள் வர விரும்புபவர் ஏழாண்டுகள் ஓர் ஆசானிடம் பழக வேண்டும் என்பது அக்கால வழக்கம். பழகும் காலத்திற்கு அப்போது ஒரு பெயரும், சட்டத்தின் காவலும் இருந்தன.

அந்தக் காவல் தளர்ந்தபோதுதான் 1811இல் நாட்டிங்காமில் சட்டகங்கள் உடையத் தொடங்கின. லட்டைட்டுகள் என்றால் புதிய இயந்திரத்தைக் கண்டு மிரண்டவர்கள் என்ற எண்ணம் இன்றும் பரவலாக இருக்கிறது. அவர்கள் உடைத்த சட்டகமோ அப்போது இருநூறு ஆண்டுப் பழமை உடையது. அவர்களில் பலர் அதே சட்டகத்தில் வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்கள். கூலிக் குறைப்பும், அகலத் துணியைப் பின்னி வெட்டித் தைத்த மட்டமான காலுறைகளும், முறையாகத் தொழில் பழகாதவர்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்தியதும் அவர்களுடைய குறைகளாக இருந்தன. ஏழாண்டுப் பழக்கத்திற்கு இனி மதிப்பில்லை என்ற அறிவிப்பாகவே அவர்கள் அதைக் கண்டனர். 1812இல் சட்டகம் உடைப்பதற்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. பிரபுக்கள் அவையில் அதை எதிர்த்துப் பேசியவர்களுள் கவிஞர் பைரனும் ஒருவர்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் லெஸ்டர் நகரின் மேத்யூ டவுன்சென்ட் ஓர் ஊசியை உருவாக்கினார். கொக்கிமுனையும், அதன் அருகே மடங்கித் திறக்கும் சிறு நாக்கும் கொண்ட ஊசி அது. நூலைக் கவ்வியதும் நாக்கு தானே மூடிக்கொள்ளும். பழைய கண்ணி அதன்மேல் வழுக்கி இறங்கும். திருப்பூரின் பனியன் துணி இயந்திரங்கள் வரை இயங்குவது இந்த ஊசியின் வழித்தோன்றல்களால்தான். 1860களில் அமெரிக்காவின் ஐசக் லாம்ப் அமைத்த தட்டைப் பின்னல் இயந்திரமும், 1870களில் ஹென்றி கிரிஸ்வோல்ட் காப்புரிமை பெற்ற வட்டக் காலுறை இயந்திரமும் இதனால் வீட்டு மேசைக்கு ஏற்ற அளவில் அமைந்தன.

வீட்டுக்குள் வந்ததும் பழகும் காலம் கண்ணிலிருந்து மறைக்கப்பட்டது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் ஊறிய பாதங்கள் அழுகத் தொடங்கியபோது காலுறை மருந்துக்கு நிகரானது. தொண்டு அமைப்புகளின் பெண்கள் கையாலும் இயந்திரத்தாலும் காலுறைகளைப் பின்னிக் குவித்தனர். அக்காலத்திலும் போருக்குப் பின்னும் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரிலிருந்த ஆட்டோ நிட்டர் நிறுவனம் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தது: இயந்திரத்தை வாங்குங்கள், வீட்டிலிருந்தே காலுறை பின்னுங்கள், நாங்களே வாங்கிக்கொள்கிறோம். நூலையும் நிறுவனமே அனுப்பும். தரம் குறைந்தால் வாங்காது. தரத்தை எட்டுவதற்கான வாரங்கள் வாங்கியவரின் சொந்தச் செலவு. அன்றைய இயந்திரங்களில் சில இன்று அதிகம் தேயாத ஊசிகளோடும், கையேட்டோடும், முழுமையான பெட்டியோடும் கிடைக்கின்றன. சேகரிப்போருக்கு அது மகிழ்ச்சி. ஆனால் தேயாத ஊசி என்பது பெரும்பாலும் கைவிடப்பட்ட முயற்சியின் தடயம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பான் இந்தக் கணக்கை நேர்மையாக எதிர்கொண்டது. 1950களில் வீட்டுத் தட்டைப் பின்னல் இயந்திரங்கள் பரவியபோது கூடவே பயிற்சி வகுப்புகளும் பரவின. பிரதர், சில்வர் போன்ற பெயர்களில் வந்த இயந்திரங்களில் துளையட்டை செருகிப் பூவேலை பின்னலாம். 1980களில் கோலங்களை வட்டில் சேமிக்கும் மின்னணு வகைகளும் வந்தன. ஆனால் ஆயத்த ஸ்வெட்டர் நூல் விலையைவிடக் குறைவாகக் கிடைக்கத் தொடங்கியபின் வீட்டில் பின்னுவதற்கான பொருளாதாரக் காரணம் மறைந்தது. 1990களின் இறுதியில் பிரதர் உற்பத்தியை நிறுத்தியது.

இந்தியாவில் இதே தட்டை இயந்திரத்தின் கதை லூதியானாவில் வேறு விதமாக நடந்தது. காஷ்மீரச் சால்வை நெசவாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய அந்நகரில் கம்பளிப் பின்னல் தொழில் வளர்ந்தது. பிரிவினையின்போது முஸ்லிம் தொழிலாளர்கள் எல்லை தாண்டிச் செல்ல, மேற்கிலிருந்து வந்த அகதிகள் அத்தொழிலில் நுழைந்தனர். பின்னர் சோவியத் நாட்டுக்கு ஏற்றுமதி பெருகி, 1991இல் அந்நாடு சிதறியதும் பெரும் அடி விழுந்தது. இந்த ஏற்ற இறக்கங்களின் ஊடே சிறு பட்டறைகளில் கைவிசைத் தட்டை இயந்திரங்கள் ஓடின. ஊசிப் படுக்கையின் மேல் வண்டியைத் தோள்பலத்தால் இடமும் வலமுமாகத் தள்ளி, கழுத்துக்கும் கைக்கும் கண்ணிகளைக் கணக்கிட்டுக் கூட்டிக் குறைத்து, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் வேலை அது. உஸ்தாதின் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகுவதே பயிற்சி. பழகும் நாட்களில் உருப்படி குறைவு. ஆகவே கூலியும் குறைவு. இங்கும் செலவு பழகுபவருடையதே. கணினிப் பின்னல் இயந்திரங்கள் பரவியபின் அத்தகைய கைகளுக்கான தேவை சுருங்கிவிட்டது.

இப்பின்னணியில்தான் இன்றைய பொழுதுபோக்காளர்களின் இடம் தெளிவாகிறது. இருபது முப்பது ஆண்டுகள் மூடிக் கிடந்த தட்டை இயந்திரத்தில், ஊசிகளை அழுத்திப் பிடிக்கும் நுரைப்பட்டை மக்கிப் பொடியாகியிருக்கும். பழைய எண்ணெய் பசையாக இறுகியிருக்கும். அதைப் பிரித்துத் துடைத்துப் புதுப் பட்டை இடுவதே முதல் பாடம். சிலர் ஒரு படி மேலே சென்று, பழுதான மின்னணு மூளையை அகற்றிவிட்டுத் திறமூல மென்பொருளால் இயங்கும் சிறு சுற்றுப்பலகையைப் பொருத்துகின்றனர். தயாரித்த நிறுவனம் கைவிட்ட இயந்திரத்தின் அறிவைப் பயன்படுத்துவோர் தாமே சுமக்கின்றனர். காலுறைக்காக மட்டும் யாரும் இவ்வளவு பாடுபடுவதில்லை. காலுறை கடையில் மலிவு. வரலாற்றில் முதன்முறையாக இந்த இயந்திரத்தின் முன் அமர்பவருக்குப் பழகும் காலம் செலவாக அல்லாமல், நாடி வந்த பொருளாகவே ஆகியிருக்கிறது.

தமிழில் ‘கற்றல்’ ஒன்று, ‘பழகுதல்’ மற்றொன்று. நூலைக் கற்கிறோம், தொழிலைப் பழகுகிறோம், மனிதரோடும் பழகுகிறோம். பழக்கம் உடலில் தங்குவது. எழுதிவைத்துப் பிறகு எடுத்துக்கொள்ள இயலாதது. கையேடு பெட்டியில் நூறாண்டு கிடக்கலாம். குதிகாலில் எந்தக் கணத்தில் எடையை மாற்றித் தொங்கவிட வேண்டும் என்பது கையிலிருந்து கைக்கு மட்டுமே போகிறது. ஓய்வுநேரம் உடைய நாடுகளில் அக்கைகள் ஒன்றையொன்று தேடிக் கண்டுகொள்கின்றன. லூதியானாவின் பட்டறையில் முப்பதாண்டு வண்டி தள்ளிய கையைத் தேடி யாரும் வருவதில்லை. அங்கே அந்த இயந்திரத்திற்கு ‘அரும்பழம்பொருள்’ என்ற பெயர் இல்லை. பழைய இரும்பு என்ற பெயரே இருக்கிறது. இயந்திரத்தைப் பாதுகாக்க அருங்காட்சியகம் போதும். பழக்கத்தைப் பாதுகாக்க, பழகியவர் உயிரோடிருக்கும்போதே அவர் பக்கத்தில் ஒருவர் போய் நிற்க வேண்டும்.