யார் கைக்கு அளவெடுத்தது?

ரிச்சி தெருவில் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகும் பெண்ணிடம் கடைக்காரர் முதலில் கேட்பது, "யாருக்கு மேடம், தம்பிக்கா?" என்பதைத்தான். எனக்குத்தான் என்று சொன்னால் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார். பவர் சப்ளை எத்தனை வாட், கேபினெட்டுக்குள் எத்தனை அங்குல இடம் இருக்கிறது என்பதையெல்லாம் சொல்லி முடித்த பிறகும், "எதுக்கும் சாரை ஒருவாட்டி கூட்டிட்டு வந்துடுங்களேன்" என்பார். எந்தச் சார் என்று நானும் கேட்பதில்லை. பள்ளி முடித்த காலத்திலிருந்து கேம் விளையாடுகிறேன், என் கம்ப்யூட்டரை நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுகிறேன், இந்தக் கேள்வி மட்டும் மாறவில்லை. கேள்விக்கும் ஒரு பிறந்த வருடம் இருக்குமல்லவா? அதைத்தான் தேடிப் போனேன்.

முதலில் கையிலிருந்து தொடங்குகிறேன். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்தால் என் கை பதினாறு சென்டிமீட்டர். கேமிங் மவுஸ் என்று விற்பனைக்கு வரும் பலவற்றில் பக்கவாட்டுப் பொத்தானைத் தொட நான் கையையே நகர்த்த வேண்டும். அந்த அரை நொடியில் விளையாட்டில் செத்துப்போவேன். "நீ ஸ்லோ" என்று எதிரணிப் பையன்கள் சிரித்திருக்கிறார்கள். மவுஸை மாற்றிய வாரத்தில் நான் வேகமாகிவிட்டேன்.

2001இல் அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் வெளிவந்தபோது அதன் கன்ட்ரோலருக்கு 'ட்யூக்' என்று பெயர் விழுந்தது. அவ்வளவு பெரியது, கேலிப்பொருளாகவே ஆனது. அதன் வெளிவடிவத்தை உருவாக்கியவர் டெனிஸ் சவுத்ரி என்ற பெண் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. உள்ளே போகும் சர்க்யூட் பலகையின் அளவு ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அதைச் சுற்றி ஓடு போடுவதுதான் அவரிடம் வந்த வேலை. அடுத்த ஆண்டு ஜப்பானுக்குப் போனபோது, ஜப்பானியர் கைக்கு இது பெரிது என்று சிறிய கன்ட்ரோலர் ஒன்றைச் செய்தார்கள். அதையே பிறகு அமெரிக்காவிலும் விற்றார்கள், ட்யூக் போயிற்று. ஒரு நாட்டுச் சந்தை கைநழுவும் என்றபோது பலகை சுருங்கியது. அமெரிக்கப் பெண்களின் கையும் அதே அளவில்தான் இருந்தது. அதற்காக யாரும் பலகையைச் சுருக்கவில்லை.

கண்ணுக்கும் இதே கதைதான். 2017இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மெய்நிகர்க் கண்ணாடியான ஆக்குலஸ் ரிஃப்டை மாட்டி ஒரு விளையாட்டை ஆட வைத்தார்கள். பெண்களில் 18 பேரில் 14 பேருக்குக் குமட்டல் வந்தது, ஆண்களில் 18 பேரில் 6 பேருக்கு. பெண் உடம்பே இப்படித்தான் என்று சொல்லிவிடுவது எளிது. 2020இல் கே ஸ்டான்னி குழுவினர் வேறொன்றை அளந்தார்கள்: இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம். கண்ணாடியின் வில்லைகளை அந்தத் தூரத்துக்குச் சரியாகப் பொருத்திக்கொள்ள முடிந்தபோது பெண்களுக்கும் ஆண்களுக்கும் தொந்தரவு ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தது.

இத்தனைக்கும், ஆரம்பத்தில் இந்தத் துறை பெண்களுக்கு அந்நியமாக இல்லை. 1960களின் நடுவில் நியூயார்க் மாநிலத்தின் பள்ளி ஆசிரியை மேபல் ஆடிஸ், ஐபிஎம் கம்ப்யூட்டருக்காக 'சுமேரியன் கேம்' எழுதினார். திரை கிடையாது. தட்டச்சுப் பொறி போன்ற முனையம் காகிதத்தில் அச்சிட்டுக் கேட்கும். மாணவர் பண்டைய லகாஷ் நகரின் அரசராக இருந்து தானியத்தைப் பங்கிட வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்தவர் கரோல் ஷா. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் வளர்ந்தவர். பொம்மைகளைவிட அண்ணன் தம்பிகளுக்கு வாங்கிய பொம்மை ரயிலோடுதான் அதிகம் விளையாடினாராம். பெர்க்லியில் மின்பொறியியலும் கணினி அறிவியலும் படித்துவிட்டு 1978இல் அட்டாரியில் சேர்ந்தார். அந்நிறுவனத் தலைவர் ரே காஸர் துணி உற்பத்தித் தொழிலிலிருந்து வந்தவர். ஆய்வகத்துக்கு வந்து ஷாவைப் பார்த்ததும், கடைசியில் ஒரு பெண் வடிவமைப்பாளர் கிடைத்துவிட்டார், முகப்பூச்சு நிறம் பொருத்துவது, வீட்டு அலங்காரம் செய்வது மாதிரி கேம்களை இவர் செய்யலாம் என்றாராம். ஷாவே பிற்காலத்தில் பேட்டிகளில் சிரித்துக்கொண்டு சொன்னது இது. அவர் அட்டாரியில் செய்தது முப்பரிமாண டிக்-டாக்-டோ.

1982இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தில் அவர் 'ரிவர் ரெய்டு' செய்தார். அட்டாரி 2600 கன்சோலின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். யூனிகோடில் எழுதினால் நீங்கள் இப்போது வாசிக்கும் இந்த வாக்கியமே அதில் அடங்காது. கேம் இருக்கும் கார்ட்ரிட்ஜிலோ 4 கிலோபைட் இடம். அதற்குள் விமானம் பறக்கும் நீண்ட ஆறு, கரைகள், தீவுகள், பாலங்கள், கப்பல்கள் எல்லாம் வர வேண்டும். ஆற்றின் வரைபடத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. ஷா என்ன செய்தார் என்றால், ஒரே எண்ணிலிருந்து தொடங்கி அடுத்தடுத்த எண்களைக் கணக்கிட்டுத் தரும் சிறிய நிரலை எழுதி, அந்த எண்களைக் கொண்டு விளையாட்டு ஓட ஓட ஆற்றை வரையவைத்தார். தொடக்க எண் மாறாது என்பதால் ஒவ்வொரு முறையும் அதே ஆறு, அதே இடத்தில் அதே பாலம். அரிசி கொஞ்சமாக இருக்கும் வீட்டில் பத்துப் பேருக்குச் சமைத்த பாட்டிகளை நினைத்துக்கொள்வேன். ஆனால் அந்த ஒப்பீட்டில் எனக்கே சங்கடம் உண்டு. ஆண் செய்திருந்தால் 'மேதை' என்பதோடு நிறுத்தியிருப்பேன். மேதை என்றே இருக்கட்டும்.

அட்டாரியின் காசு போட்டு ஆடும் பெட்டிகளைச் செய்த பிரிவில் டோனா பெய்லி இருந்தார். அங்கே நிரல் எழுதிய ஒரே பெண். அதற்கு முன் ஜெனரல் மோட்டார்ஸில் காருக்கான நிரல் எழுதியவர்; அங்கே பழகிய 6502 என்ற நுண்செயலியையே அட்டாரியும் பயன்படுத்துகிறது என்று தெரிந்ததும் வேலையைத் தேடி வந்துவிட்டார். எட் லாக் என்பவரோடு சேர்ந்து அவர் செய்த 'சென்டிபீடு' 1981இல் ஆட்டக்கூடங்களுக்கு வந்தது. அதில் ஜாய்ஸ்டிக் இல்லை. மேசையில் பாதி புதைந்த ஒரு உருண்டை, ட்ராக்பால். உள்ளங்கையால் உருட்டினால் போதும், இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, கை பெரிதா சிறிதா என்பது பொருட்டே இல்லை. நிறங்களும் இளம் பச்சை, இளஞ்சிவப்பு என்று இருந்தன. ஆட்டக்கூடத்துக்குப் பெண்களையும் பெருமளவில் இழுத்த முதல் கேம்களில் ஒன்று அது.

பிறகு எங்கே மாறியது? 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. விற்காத கார்ட்ரிட்ஜ்கள் குவிந்து, இந்தச் சரக்கே வேண்டாம் என்று கடைக்காரர்கள் முடிவெடுத்திருந்தார்கள். 1985இல் நியூயார்க்கில் இறங்கிய நின்டெண்டோ அவர்களைச் சமாளிக்க ஒரு துணைக்கருவியைக் கொண்டு வந்தது: 'ராப்' என்ற பிளாஸ்டிக் ரோபாட். கூடவே ஒரு துப்பாக்கி. இது வீடியோ கேம் இல்லை, பொம்மை என்று காட்டத்தான் அது. ரோபாட் பெரிதாக எந்த வேலையும் செய்யாது. ஆனால் கடைக்குள் நுழையும் வேலையைச் செய்துவிட்டது. அமெரிக்கப் பொம்மைக் கடையிலோ அலமாரிகள் ஏற்கெனவே நீலம், இளஞ்சிவப்பு என்று பிரிந்திருந்தன. ரோபாட்டும் துப்பாக்கியும் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டுமா? 1989இல் வந்த கையடக்கக் கருவிக்குப் பெயரே 'கேம் பாய்'. ரிச்சி தெருக் கடைக்காரர் என்னிடம் கேட்கும் கேள்வி அந்த அலமாரியில் பிறந்தது என்பதுதான் என் கணிப்பு.

வேறு வழியும் இருந்தது. 1983இல் வெளிவந்த 'மியூல்' என்ற கேமைச் செய்தவர் டேனியல் பன்டன் பெர்ரி, 1992இல் தன்னைப் பெண்ணாக அறிவித்து வாழ்ந்த திருநங்கை. அட்டாரி 800 கம்ப்யூட்டரில் நான்கு ஜாய்ஸ்டிக் செருகலாம். அந்த நான்கு துளைகளை நம்பியே கேமை வடிவமைத்தார்: நான்கு பேர் ஒரே டிவி முன் உட்கார்ந்து வாங்கி, விற்று, பேரம் பேசி ஒரு கோளை நடத்த வேண்டும். ஒருவர் மட்டும் ஜெயித்து எல்லோரும் திவாலானால் குடியேற்றமே தோற்றுப்போகும். அட்டாரி அடுத்து விட்ட மாடல்களில் இரண்டு துளைகள்தான் இருந்தன. கூடத்தில் நான்கு பேராக ஆடிய ஆட்டம் மெல்லத் தனியறைக்குப் போனது.

அந்தத் தனியறை யாருடையது என்பதை ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் விசாரித்தார்கள். கணினி அறிவியல் படிக்க வந்த மாணவர்களிடம் பேசியபோது, பல வீடுகளில் கம்ப்யூட்டர் மகனின் அறையில் இருந்தது தெரிந்தது. மகள் அனுமதி கேட்டு, பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றவள். அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெறுவோரில் பெண்களின் பங்கு 1984 வாக்கில் 37 சதவீதத்தைத் தொட்டுவிட்டுச் சரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கார்னகி மெலனில் 1995இல் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 சதவீதம். முன்னனுபவத்தைத் தகுதியாகப் பார்ப்பதை விட்டுப் பாடத்தையும் சேர்க்கையையும் மாற்றினார்கள். 2000இல் 42 சதவீதம்.

நம் வீடுகளில் அறையே இல்லாதபோது இந்தக் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. பிரவுசிங் சென்டர் என்றால் அண்ணனோடுதான் போக வேண்டும். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அது மாணவியின் பெயருக்கு வந்தது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. வீட்டில் வண்டி அப்பா பெயரில், ரேஷன் அட்டையில் தலைவர் அப்பா, டிவி ரிமோட் அண்ணன் கையில். "இது பாப்பாவோடது, கேட்டுட்டு எடு" என்று அம்மா அண்ணனிடம் சொன்ன ஒரே பொருள் அந்த மடிக்கணினி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் பழைய கேம்கள்தான் ஓடும். ஓடின. படிக்கக் கொடுத்ததில் விளையாடினாயா என்று கேட்பவர்களுக்கு: விளையாடியதால்தான் அதைத் திறந்து ரேம் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.

ரேமைப் பற்றிப் பேசினால் அதைச் செய்த கைகளைப் பற்றியும் பேச வேண்டும். இந்த வரலாற்றில் பெண் கை எப்போதும் தேடப்பட்ட ஓர் இடம் உண்டு, அது தொழிற்சாலை. 1965இல் ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனம், நியூ மெக்சிகோவில் நவஹோ பழங்குடியினர் நிலத்தில் உள்ள ஷிப்ராக்கில் ஆலை தொடங்கியது. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நவஹோ பெண்கள். 1969இல் நிறுவனம் அச்சிட்ட சிறுநூலில் நவஹோ கம்பளத்தின் கோலமும் சில்லின் கோலமும் ஒப்பிடப்பட்டன. கம்பளம் நெய்யும் இனம், ஆகவே சர்க்யூட் இயல்பாகவே வரும் என்பது வாதம். லிசா நகமுரா 2014இல் எழுதிய கட்டுரையில் இந்தத் தந்திரத்தைப் பிரித்துக் காட்டுகிறார்: திறமை என்று ஒப்புக்கொண்டால் அதற்குரிய கூலி தர வேண்டும், இயல்பு என்று சொல்லிவிட்டால் தர வேண்டியதில்லை. 1975இல் ஆட்குறைப்பை எதிர்த்து அமெரிக்க இந்திய இயக்கத்தினர் ஆலைக்குள் நுழைந்து ஒரு வாரம் அமர்ந்தார்கள். நிறுவனம் ஆலையையே மூடிவிட்டது. கார்ட்ரிட்ஜ் மாற்றி ஆடும் முதல் வீட்டுக் கன்சோலான சேனல் எஃப், அதே நிறுவனத்திலிருந்து மறு ஆண்டு வந்தது.

அட்டாரியும் 1983இல் கலிஃபோர்னியாவில் சுமார் 1,700 பேரை வெளியே அனுப்பிவிட்டு உற்பத்தியை ஹாங்காங்குக்கும் தைவானுக்கும் கொண்டுபோனது. இன்டெல் 1972இலேயே மலேசியாவின் பினாங்குக்குப் போயிருந்தது. தோட்டங்களை விட்டு வந்த தமிழ்ப் பெண்களும் அந்த ஊர் ஆலைகளில் மலாய், சீனப் பெண்களோடு வரிசையில் உட்கார்ந்தார்கள். நாளெல்லாம் நுண்ணோக்கியில் குனிந்திருந்த மலாய்ப் பெண்கள் அதற்குள் பேயைப் பார்த்து அலறியதை மானுடவியலாளர் ஐவா ஓங் பதிவு செய்திருக்கிறார். நிர்வாகம் மந்திரவாதியை அழைத்து ஆடு வெட்டியதே தவிர, வரிசையின் வேகத்தைக் குறைக்கவில்லை.

தென்கொரியாவின் கிஹுங்கில் உள்ள சாம்சங் ஆலையில் 2003இல் ஹ்வாங் யூ-மி வேலைக்குச் சேர்ந்தார், பள்ளி முடித்த கையோடு. சில்லுத் தகடுகளை வேதிக்கரைசலில் முக்கி எடுக்கும் வேலை. ரத்தப் புற்றுநோய் வந்து 2007 மார்ச்சில் இறந்தபோது வயது 22. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் வழியில், அப்பா ஓட்டிய டாக்சியின் பின்னிருக்கையில் உயிர் போனது. அவரோடு ஜோடியாக அதே வேலையைச் செய்த லீ சூக்-யங்கும் ரத்தப் புற்றுநோயால் அதற்கு முன்பே இறந்திருந்தார். பணம் வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க அப்பா ஹ்வாங் சாங்-கி மறுத்தார். 'பானொல்லிம்' என்ற அமைப்பு அவரிலிருந்து தொடங்கியது. 2011இல் சோல் நீதிமன்றம் இரு குடும்பங்களுக்கும் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2018 நவம்பரில். அந்தப் பதினோரு வருடங்களில் எத்தனை கன்சோல் தலைமுறை மாறியது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு, கேமர்களுக்கு.

இன்று பெரும்பாலான இந்தியப் பெண்களுக்குக் கேமிங் கருவி என்றால் செல்போன். அதன் மையத்தில் இருக்கும் ஏ.ஆர்.எம். செயலியின் கட்டளைத் தொகுதியை உருவாக்கியவர் சோஃபி வில்சன் என்ற திருநங்கை. முதல் சில்லு 1985 ஏப்ரல் 26 அன்று இயங்கியது. போனைப் பூட்டுபவர்களோ நம் பக்கத்து ஊரில் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூரின் ஐபோன் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் கெட்ட உணவு சாப்பிட்டு நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலர் இறந்துவிட்டதாகப் பேச்சு பரவியது. அது வதந்திதான், ஆனால் கூட வேலை பார்த்த பெண் எந்த மருத்துவமனையில் எப்படி இருக்கிறாள் என்று யாரும் சொல்லாதபோது வதந்தியை நம்பாமல் எப்படி இருப்பது? 17ஆம் தேதி இரவு அவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். விடிந்த பிறகும் எழவில்லை. ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி நடுவில்தான் திறந்தது.