கிள்ளான் குன்றில் ராஜா மஹாடி

சென்ற வாரம் சொன்னபடி, 1872-இல் கோலாலம்பூர் பற்றியெரிந்த கதை இப்போது வந்திருக்க வேண்டும். ஆனால் ராஜா மஹாடியைத் தாண்டி, கோலாலம்பூரின் சீனத் தலைவர் யாப் ஆ லோயிடம் போக எனக்கு மனம் வரவில்லை.

தெற்குக் கிள்ளானில் மஹாடியின் கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது நுழைவாயிலும் மண்மேடும்தான். வானுயர்ந்த மதிலைத் தேடிப் போகாதீர்கள். ஆற்றில் இறங்கும் ஈயத்துக்கு யார் வரி வாங்குவது என்பதுதான் சண்டை. அதற்கு ஆற்றை மடக்கும் ஒரு மேடு போதும். இத்தாலியின் சான் ஜிமிக்னானோ குன்று நகரில் பகைக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டிய கோபுரங்களைப் பார்க்க உலகமே போகிறது. இங்கேயும் அதே பங்காளிச் சண்டைதான். ஒரே பூகிஸ் அரச வம்சத்தின் இரு கிளைகள் மோதிய இடம் இது.

மஹாடி, சிலாங்கூர் சுல்தான் முகமதுவின் பேரன். தந்தை ராஜா சுலைமான் ஆண்ட கிள்ளானைத் தாத்தா தூக்கி, மற்றக் கிளையைச் சேர்ந்த ராஜா அப்துல்லாவிடம் கொடுத்தார். அப்துல்லா கெட்டிக்காரர். 1857-இல் அம்பாங்குக்கு 87 சீனத் தொழிலாளரை அனுப்பி ஈயலம்பம் திறந்தவர். ஒரே மாதத்தில் அவர்களில் 18 பேரே மிஞ்சினார்கள். அந்த லம்பத்தால் உருவான கோலாலம்பூரின் பிறப்பைக் கொண்டாடுகிறவர்கள் அந்த மரணங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1866-இல் வரி வசூலை அப்துல்லா சிங்கப்பூர் வணிகர்களுக்குக் குத்தகைக்கு விட்டார். அபினுக்கு வரி கட்ட மஹாடி மறுத்தார். அப்பன் ஆண்ட மண்ணில் மகன் வரி கட்டுவதா? மறு வருடமே கிள்ளானைப் பிடித்தார். அப்துல்லா மலாக்காவுக்கு ஓடினார்.

அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் வென்றவர் என்ன செய்தார்? அப்போதைய சுல்தான் அப்துல் சமாட்டுக்கு மாதம் 500 டாலர் தருவதாகச் சொல்லிவிட்டுத் தரவில்லை. சுல்தானின் மகள் அர்ஃபாவோடு பேசியிருந்த நிச்சயம் முறிந்தது. 1868-இல் அவளை மணந்தவர் கெடா இளவரசர் துங்கு கூடின். மாமனாரின் பிரதிநிதியாகவும் ஆனார். ஒரு மாதப்பணத்தைக் கொடுக்காமல் விட்டதில் மஹாடி பெண்ணையும் இழந்தார், எதிரியையும் தேடிக்கொண்டார். 1870 மார்ச்சில் முற்றுகை தாங்காமல் கிள்ளான் கைவிட்டுப் போனது. ஆங்கிலேயர் எழுதியதுபோல அவர் வெறும் கலகக்காரர் அல்லர். சொன்ன சொல்லைக் காப்பாற்றாத வீரர்.

தீபாவளிக்குத் துணியெடுக்கக் கிள்ளானின் தெங்கு கிளானா சாலைக்கு வருகிறவர்கள், பிள்ளைகளோடு அந்த மேட்டிலும் ஏறிப் பாருங்கள். கோலாலம்பூர் தீ அடுத்த வாரம்.