வியர்வையும் ஆடையும்: கொழும்பில் துவிச்சக்கர வண்டி கற்பித்த பாடம்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது தமிழர் வழக்கு. ஆடையை மதிப்பின் அளவுகோலாகக் கொள்வது அவ்வழக்கின் கருத்து. ஆயின், ஆடைக்குப் பிறிதொரு கடமையும் உண்டு. உடலிற் பிறக்கும் வெப்பம் வெளியேற இடங்கொடுத்தலே அது. இவ்விரு கடமைகளும் ஒன்றோடொன்று முரணும்போது மாந்தர் எதனைப் போற்றினர், எதனைக் கைவிட்டனர் என்பதற்குக் கொழும்பு மாநகரின் வரலாறு நல்லதொரு சான்றாகும். அம்முரண்பாட்டை எல்லார் கண்ணுக்கும் புலப்படச் செய்த கருவி துவிச்சக்கர வண்டி.

முதற்கண் வியர்வையின் இயல்பை அறிதல் வேண்டும். வியர்வை வடிவதனால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாவதனாலேயே குளிர்கின்றது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை உடலினின்றும் கவர்ந்து செல்லும். வறண்ட நாடுகளில் இது விரைவில் நிகழும். கொழும்போ கடலை அடுத்த ஈரவலய நகரம். அதன் சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியசுக்குச் சற்று மேற்பட்டது. காற்றின் ஈரப்பதன் பகலிலும் பெரும்பாலும் 70 வீதத்தை ஒட்டியே நிற்கும். ஆதலால் இங்கு வியர்வை உலர்வது அரிது. துவிச்சக்கர வண்டியிற் செல்வோனுக்கு ஓட்டத்தாற் பிறக்கும் காற்று உதவுகின்றது. வண்டியை நிறுத்திய மறுகணமே அவ்வுதவி அற்றுப்போக, வியர்வை ஆறாய்ப் பெருகுகின்றது. அக்காற்று உடலைத் தீண்டுமாறு மெல்லியதாயும் தளர்ந்ததாயும் உள்ள ஆடையே இந்நாட்டுக்கு உகந்தது.

ஆனால், துவிச்சக்கர வண்டி தோன்றிய நாட்டில் ஆடைபற்றி நிலவிய கொள்கை வேறு. 1885ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் இன்றைய வடிவுடைய வண்டி வழக்கிற்கு வந்தது. 1888இல் டன்லொப் என்பார் காற்றடைத்த றப்பர்ச் சில்லை ஆக்கினார். அக்காலத்திலேயே ஜேர்மனியரான யேகர் என்பவர், உடலோடு ஒட்டியணியும் ஆடை யாவும் விலங்கின் உரோமத்தால் ஆதல் வேண்டும் என்று போதித்தார். துவிச்சக்கர வண்டிக் கழகத்தார் பலர் கம்பளி உடையையே விரும்பி அணிந்தனர். குளிர்நாட்டில் இது பொருந்தாத செயலன்று. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் நனைந்தாற்போலத் தோன்றாது. வியர்த்த உடலைக் குளிர்காற்று திடீரெனத் தாக்காது காக்கும்.

இக்கொள்கை வெப்ப நாடுகளுக்கும் கொண்டுவரப்பட்டமையே விந்தை. திடீர்க் குளிரே வாந்திபேதிக்குக் காரணம் எனக் கருதி, இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படைவீரர் வயிற்றைச் சுற்றிப் பிளானல் துணிப் பட்டி அணியுமாறு பணிக்கப்பட்டனர். 1883–84இல் கொக் என்னும் அறிஞர் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்து கூறிய பின்னரும் அவ்வழக்கம் நெடுங்காலம் நீங்கவில்லை. நீர்நிலைகளில் வளரும் நெட்டியாற் செய்த தொப்பி மட்டுமே இந்நாட்டு இயற்கையை உணர்ந்து அவர்கள் ஏற்றுக்கொண்ட அணியெனலாம்.

ஆள்வோர் உடை ஆளப்பட்டோருக்கும் மதிப்பின் சின்னமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தினின்றும் வந்த லிகிதர் பலர் வெள்ளவத்தையிற் குடியேறினர். அங்கிருந்து கோட்டைக்கு ஏறக்குறைய 5 மைல். புகையிரதத்திற் செல்வோர் போக, காலி வீதி வழியே துவிச்சக்கர வண்டியிற் கந்தோருக்குச் செல்வோரும் இருந்தனர். கந்தோரின் ஒழுங்கோ நீளக் காற்சட்டை, மேலங்கி, கழுத்துப்பட்டி என்பன. வெண்ணிற டிறில் துணி பருத்தியே எனினும் தடித்தது. கஞ்சியிட்டு மினுக்கியபோது அதன் இழைகளினூடு காற்றுப் புகுதல் மேலும் அரிதாயிற்று. மாண்பைக் காக்க இட்ட கஞ்சியே வியர்வையையும் காத்தது!

கொட்டாஞ்சேனையில் நிலைமையின் மறுபுறத்தைக் காணலாம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயில் அங்குள்ளது. கோயிலுக்குச் செல்லும் ஆடவர் மேலாடை களைந்து வேட்டியுடன் நிற்பதே சைவ மரபு. இறைவன் திருமுன்பு திறந்த மார்புடன் நிற்பதை மரியாதையாகக் கருதிய சமூகம், வெள்ளைக்கார மேலதிகாரி முன்பு கழுத்துவரை பொத்தானிட்டு நிற்பதை மரியாதையாகக் கொண்டது. இரண்டும் மரியாதையே, ஒன்று இந்நாட்டு வானிலையை அறிந்த மரியாதை, மற்றது அதனை அறியாதது.

இம்மயக்கத்தை முன்னரே கண்டு கூறியோர் உளர். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். ஐரோப்பிய உடையையும் பழக்கங்களையும் ஆராயாது மேற்கொள்ளுதலை அச்சங்கம் கண்டித்தது. 1927 நவம்பரிற் காந்தியடிகள் இலங்கைக்கு வந்து கதருக்காக நிதி திரட்டினார். அதன் பின்னர் கதர் வேட்டியும் சால்வையும் ஆசிரியரிடையிலும் அரசியலாரிடையிலும் பெருமைக்குரியனவாயின. 1956இன் அரசியல் மாற்றத்துடன் தேசிய உடை பாராளுமன்றத்திலும் மேலோங்கியது.

எனினும் வேட்டியே எல்லாவற்றுக்கும் விடையென்று கூறுதல் பொருந்தாது. நடப்பவனுக்கு இன்பம் பயக்கும் வேட்டி, மிதிப்பவனுக்கு இடர் விளைக்கும். அதன் தளர்ந்த தலைப்புச் சங்கிலியில் அகப்பட்டால் துணி கிழிவதோடு ஓட்டுபவனும் வீழ்வான். சங்கிலிக்கு மூடியிட்டும், வேட்டியை மடித்துக் கட்டியும், காற்சட்டைக் காலை இரும்புக் கவ்வியாற் பிணித்தும் மக்கள் தத்தமக்கு இயன்ற வழியைத் தேடினர். பள்ளி மாணவரின் அரைக்காற்சட்டையும் அரைக்கைச் சட்டையுமே இவ்விடர்ப்பாட்டுக்கு ஏற்ற எளிய தீர்வாயிருந்தன. பெரியோரோ அதனைச் சிறுவருடையென ஒதுக்கினர். அறிவு கண்ட வழியை நாணம் அடைத்தது.

பெண்களின் நிலை இதனினும் கடியது. இங்கிலாந்தில் 1881இல் பகுத்தறிவு உடைச் சங்கம் தோன்றிற்று. அதன் தலைவியான ஹார்பர்ட்டன் பெருமாட்டி, 1898இற் துவிச்சக்கர வண்டிக்கேற்ற காற்சட்டை அணிந்து சென்றபோது, ஒரு விடுதியின் பொதுக்கூடத்தில் உணவருந்த இடம் மறுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு நிகழ்ந்த வழக்கும் அவர்தரப்பிற்கு வெற்றி தரவில்லை. தமிழ்ப் பெண்டிர் உடையை மாற்றாது, குறுக்குத்தண்டு தாழ்ந்த பெண்கள் வண்டியையும் பின்சில்லின் வலைக்காப்பையும் துணைக்கொண்டு சேலையோடே ஓட்டினர். 1990க்குப் பின் யாழ்ப்பாணத்திற்கு எரிபொருள் தடைப்பட்ட ஆண்டுகளில், ஆசிரியைகளும் மாணவியரும் துவிச்சக்கர வண்டியாலேயே கல்வியைக் காத்தனர். ஆறு யார்ச் சேலையின் கொசுவத்தை ஒரு கையாற் காத்து மறுகையால் வண்டியைச் செலுத்திய அவ்வுழைப்பை வரலாறு மறத்தலாகாது.

இதற்கிடையில் துணியும் மாறியது. வெள்ளவத்தையில் ஒருகாலத்திற் பஞ்சு நூற்று ஆடை நெய்த பெரிய ஆலை இருந்தது. 1933இல் அங்கு நிகழ்ந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் இடம்பெற்றது. அவ்வாலை மறைந்துவிட, அந்நிலத்தில் இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. 1941இல் இங்கிலாந்திற் கண்டறியப்பட்ட பொலியெஸ்ரர் இழை, ஈரத்தை மிகக் குறைவாகவே உறிஞ்சுவது. தக்கவாறு நெய்யப்படின் அது வியர்வையைத் துணியின் வெளிப்புறத்திற்குக் கடத்தி விரைவில் உலரச் செய்கின்றது. இத்தகைய விளையாட்டுடைகளை இலங்கையின் ஆலைகளே தைத்து உலகுக்கு அனுப்புகின்றன. பிறநாட்டு ஓட்டவீரனின் வியர்வைக்கு வழிகண்ட நாடு, தன் லிகிதரின் வியர்வைக்கு வழிகாணப் பின்நின்றது.

அவ்வழியைத் திறந்தது 2022இன் நெருக்கடியே. எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசைகள் நீண்டபோது, கொழும்பு வீதிகளிற் துவிச்சக்கர வண்டிகள் மீண்டும் பெருகின. அவ்வாண்டு செப்டெம்பரில், அரச ஊழியர் கண்ணியமான எளிய உடையிற் பணிக்கு வரலாமெனச் சுற்றறிக்கை வெளிவந்தது. நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சேலையின்றி வேறு கண்ணியமான உடையிற் பாடசாலைக்கு வந்தபோதோ, கல்வி அமைச்சு அதனை ஏற்கவில்லை. நூறாண்டுக்கு முன் கந்தோர் வாயிலில் எழுந்த வினா, பாடசாலை வாயிலில் மறுபடியும் எழுந்தது.

மரபைக் கைவிடுதல் வேண்டும் என்பது இவ்வரலாற்றின் முடிபன்று. முன்னோர் மெல்லிய பருத்தியைத் தெரிந்தது மரபென்பதனாலன்று. உடலுக்கும் நாட்டுக்கும் அது பொருந்தியமையாலேயே பின்னர் அது மரபாயிற்று. அப்பொருத்தத்தை நாடுதலே முன்னோர் வழியிற் செல்லுதலாகும். ஆடை மனிதனின் பாதியாயின், வியர்வை சிந்தி உழைக்கும் உடல் மறுபாதி. அம்மறுபாதியை வருத்தும் ஆடையால் மதிப்பு நிறைவெய்தாது.