சிவப்பணுவின் வளைதிறனும் ஹார்மோன்களும்

மனித இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அதற்கு உட்கரு இல்லை. பழுதுபட்டால் புதுப் புரதம் செய்து சீராக்கிக்கொள்ளவும் வழியில்லை. ஆனாலும் 7 முதல் 8 மைக்ரான் விட்டமுள்ள அது, தன்னைவிடக் குறுகிய தந்துகிகளிலும் மண்ணீரலின் நுண்ணிய இடுக்குகளிலும் நெளிந்து நுழைந்து பழைய வடிவத்துக்கு மீள வேண்டும். நெளிய முடியாதவற்றை மண்ணீரல் அகற்றிவிடுகிறது.

இந்த வளைதிறனைத் தருவது சவ்வின் அடியிலுள்ள ஸ்பெக்ட்ரின் புரத வலை. ஹார்மோன்கள் அதைத் தொடுகின்றன என்பதுதான் வியப்பு. சிவப்பணுவின் சவ்வில் அட்ரினலினுக்கும் இன்சுலினுக்கும் ஏற்பிகள் உண்டு. அட்ரினலின் பீட்டா ஏற்பியில் இணைந்ததும் உள்ளே சுழல் ஏஎம்பி என்னும் சமிக்ஞை மூலக்கூறு கூடுகிறது. கைனேஸ் நொதிகள் வலையைக் கோக்கும் புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. இதனால் அணு இளகுமா, இறுகுமா? 1970களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் ஆலனும் ராஸ்முசனும் அட்ரினலினும் புரோஸ்டகிளாண்டின் ஈ2-வும் அதை இறுக்குவதாகக் கண்டனர். பிந்தைய சில ஆய்வுகள் அட்ரினலின் இளக்குவதாகக் கூறின. ஹார்மோனின் செறிவையும் அளக்கும் முறையையும் பார்க்காமல் இவற்றை ஒப்பிடக் கூடாது. ஃபால்சிபாரம் மலேரியா ஒட்டுண்ணியும் பீட்டா ஏற்பியின் இதே சமிக்ஞைப் பாதையைத்தான் அணுவுக்குள் நுழையப் பயன்படுத்திக்கொள்கிறது.

நீரிழிவில் சிவப்பணு விறைக்கிறது. ஆய்வகத்தில் இன்சுலின் சேர்க்கும்போது வளைதிறன் ஓரளவு திரும்புகிறது.

வளைதிறனை மட்டுமல்ல, அணுக்களின் எண்ணிக்கையையும் ஆள்வது ஒரு ஹார்மோன்தான்: சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொய்டின். எலும்பு மஜ்ஜையில் முன்னோடி அணுக்கள் மடியாமல் அது காக்கிறது. திண்டுக்கல் சமவெளியில் வாழ்பவர் வத்தலக்குண்டு வழியாக மலையேறி, சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் தங்கினால், ஆக்சிஜன் குறைவதால் சில மணி நேரத்திலேயே எரித்ரோபொய்டின் சுரப்பு கூடத் தொடங்கும். அணுக்கள் பெருக வாரங்களாகும். அந்த உயரத்தில் பெருக்கமும் சிறிதே. மிக உயர்ந்த மலைகளில் நெடுநாள் தங்கி இறங்குவோரிடம் சுரப்பு சரியும்போது இளம் சிவப்பணுக்களே முதலில் அழிகின்றன என்ற கருத்தும் உண்டு. விண்வெளி வீரர்களின் இரத்தத்தை ஆராய்ந்தோரும் இதையே முன்வைத்தனர்.

சிறுநீரகம் செயலிழந்தால் எரித்ரோபொய்டின் குறைந்து இரத்தசோகை வருகிறது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அது ஊசியாகத் தரப்படுகிறது. இரும்புச்சத்து இல்லாவிட்டால் ஊசி பயன் தராது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. இரும்புக் குறைவால் வரும் சோகையில் எரித்ரோபொய்டின் மிகுதியாகவே சுரக்கிறது. ஆயினும் பிறக்கும் அணுக்கள் சிறுத்து, வெளுத்து, விறைத்த சவ்வோடு இருப்பதால் ஆயுள் முடியுமுன்பே அகற்றப்படுகின்றன.