தமிழக மலைக் காப்பி: உயரமும் இரகமும் தந்த சுவை

தமிழ்நாட்டில் காப்பி சேர்வராயன் மலை, பழனி மலை, நீலகிரி, ஆனைமலை ஆகிய மலைப்பகுதிகளில் பயிராகிறது. இந்தியக் காப்பியில் சுமார் 70 விழுக்காட்டைக் கருநாடகம் தருகிறது. தமிழகத்தின் பங்கு சிறியது. எனினும் இங்கு விளைவதில் பெரும்பகுதி அராபிகா வகையாகும். சென்னையில் மயிலாப்பூர், மந்தைவெளி போன்ற பகுதிகளில் கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடைகளில் ‘பீபெரி’, ‘பிளான்டேஷன் ஏ’, ‘ரொபஸ்டா’ என்ற பெயர்கள் அன்றாடம் புழங்குகின்றன. இவற்றுள் ஒன்றுகூட மலையின் பெயர் அன்று. காப்பியின் சுவையை மலையும் இரகமும் எவ்வாறு உருவாக்கின, மலையின் பெயர் எவ்வாறு மறைந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இரு இனங்கள்

வணிகத்தில் முதன்மையானவை அராபிகா, ரொபஸ்டா என்னும் இரு இனங்கள். அராபிகா எத்தியோப்பியாவின் குளிர்ந்த உயர்நிலங்களில் தோன்றியது. ரொபஸ்டா ஆப்பிரிக்காவின் தாழ்வான, வெப்பமான காடுகளுக்கு உரியது. அராபிகாக் கொட்டையில் காபீன் சுமார் 1.2 விழுக்காடு, ரொபஸ்டாவில் அது ஏறக்குறைய இரு மடங்கு. காபீன் கசப்பானது, செடியைப் பூச்சிகளிடமிருந்து காக்கவும் உதவுகிறது. அராபிகாவில் சர்க்கரையும் கொழுப்பும் கூடுதல். வறுக்கும்போது எழும் மணத்திற்கு இவை முக்கியக் காரணம். ரொபஸ்டா மணம் குறைந்தது. ஆனால் டிகாக்‌ஷனுக்குக் கெட்டித்தன்மையும் கசப்பும் தருவது.

உயரம் செய்யும் வேலை

ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்திற்கும் வெப்பநிலை சுமார் 0.6 பாகை குறைகிறது. அராபிகாவுக்கு ஏற்ற வெப்பநிலை 15 முதல் 25 பாகை செல்சியசு. ஆகவே நம் மலைகளில் அது பெரும்பாலும் 1000 முதல் 1500 மீட்டர் உயரத்தில் நன்கு வளர்கிறது. ரொபஸ்டா அதற்குக் கீழே வளரும்.

குளிர்ந்த இடத்தில் பழம் மெதுவாகப் பழுக்கிறது. கொட்டை நிரம்புவதற்கு நாள் கூடுதலாகக் கிடைப்பதால் அது இறுகி, கனத்து, மணம் தரும் பொருள்கள் மிகுந்து அமைகிறது. வெப்பமான தாழ்நிலத்தில் பழம் விரைந்து பழுத்துவிடுவதால் கொட்டை இலேசாகி, சுவையும் தட்டையாகிறது. அதற்காக எவ்வளவு உயரம் சென்றாலும் நல்லது என்று கொள்ளக்கூடாது. உதகை போன்ற 2000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் உறைபனி செடியைக் கருக்கிவிடும். அங்கே தேயிலைதான் நிற்கிறது.

மழைக்கும் கணக்கு உண்டு. பங்குனி, சித்திரையில் பெய்யும் பூமழைதான் மொட்டுகளை விரியச் செய்கிறது. அது தவறினால் அந்த ஆண்டின் விளைச்சலே தவறும். நிழலும் தேவை. வெயில் படும் தண்டில்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டையிடும். எனவே இந்தியத் தோட்டங்களில் மரநிழலில் காப்பி வளர்க்கிறார்கள். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் காப்பியோடு மிளகு, ஆரஞ்சு, மலைவாழை ஆகியவையும் சேர்ந்து வளர்வது வழக்கம்.

வரவும் நோயும்

17ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் சூஃபி ஞானி யேமனிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. தமிழகத்தில் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியை அறிமுகப்படுத்தினார். அக்காலத்தில் இந்தியாவில் பயிரான பழைய அராபிகா இரகம் ‘சிக்’ எனப்பட்டது.

1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடியாகப் படரும் பூஞ்சை இது. இலை உதிர்ந்தால் செடி பழத்தை ஊட்ட முடியாது; கொட்டை சொத்தையாகும். இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழில் வீழ்ந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. காப்பி அறுவடைக் காலத்தில் மட்டும் தமிழகத்திலிருந்து நடந்து சென்று திரும்பிய கூலித் தொழிலாளர் பலர், ஆண்டு முழுதும் பறிக்க வேண்டிய தேயிலைத் தோட்டங்களில் குடும்பத்தோடு தங்க நேர்ந்தது. ஒரு பூஞ்சை மக்களின் வாழ்வையும் இடம் மாற்றியது.

அதே நோய் தென்னிந்திய மலைகளையும் தாக்கியது. துருப் பூஞ்சைக்கு வெதுவெதுப்பும் ஈர இலையும் வேண்டும். அதனால் தாழ்வான தோட்டங்கள் முதலில் அழிந்தன. குளிர்ந்த உயரங்களில் அராபிகா ஓரளவு தப்பியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோயைத் தாங்கும் ரொபஸ்டா கொண்டுவரப்பட்டுத் தாழ்வான சரிவுகளில் நடப்பட்டது. இன்று நம் காப்பித்தூளில் அராபிகாவும் ரொபஸ்டாவும் கலப்பதன் வரலாற்று வேர் இங்கே இருக்கிறது.

புதிய இரகங்கள்

மைசூர்ப் பகுதியில் கென்ட் என்னும் தோட்டக்காரர் 1911இல் நோயைத் தாங்கிய ஒரு செடியைத் தேர்ந்தெடுத்தார். அது ‘கென்ட்’ இரகமாயிற்று. 1925இல் பாலேஹொன்னூரில் காப்பி ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கு 1940களில் உருவான எஸ்.795 இரகத்திற்குக் கென்ட் ஒரு பெற்றோர். லிபெரிகா இனத்தின் மரபு கலந்த எஸ்.288 மற்றொன்று. நோய்த்தாங்கலும் நல்ல மணமும் ஒருசேர அமைந்ததால் அது பரவலாக நடப்பட்டது. பின்னர் வந்த குட்டையான ‘காவேரி’ இரகம் மிகுதியாகக் காய்த்தது. ஆனால் நாளடைவில் துரு நோய் அதையும் பற்றியது. தமிழகத்திற்கெனத் தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

மறைந்த மலைப் பெயர்

1942ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தின் கீழ் விளைபொருள் முழுவதும் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பிற்குச் சென்றது. பல தோட்டங்களின் கொட்டைகள் தரவாரியாகச் சேர்த்து விற்கப்பட்டன. விலை வீழ்ச்சியிலிருந்து சிறு விவசாயிகளுக்கு அது பாதுகாப்பாக இருந்தது. ஆனால் எந்த மலையில் விளைந்தது என்ற அடையாளம் கடை வரை வரவில்லை; தரப் பெயர் மட்டும் வந்தது. ‘பிளான்டேஷன்’ என்றால் சதை நீக்கிக் கழுவி உலர்த்திய அராபிகா. ‘ஏ’ கொட்டையின் அளவு. ‘செர்ரி’ என்றால் பழத்தோடு உலர்த்தியது. ‘பீபெரி’ ஒரு தனி இரகம் அன்று. பழத்தில் இரண்டுக்குப் பதில் ஒரே விதை உருண்டு வளர்ந்தால் அதுவே பீபெரி. எந்தச் செடியிலும் அது காய்க்கும்.

1990களின் நடுவில் இம்முறை முடிவுக்கு வந்தது. 2019இல் குடகு அராபிகா, வயநாடு ரொபஸ்டா, சிக்கமகளூர் அராபிகா, பாபா புதன்கிரி அராபிகா, அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகா ஆகிய ஐந்தும் புவிசார் குறியீடு பெற்றன. அப்பட்டியலில் தமிழக மலை எதுவும் இல்லை.

இதில் சிறு விவசாயியின் பிழைப்பு அடங்கியிருக்கிறது. வெப்பம் கூடினால் அராபிகா இன்னும் மேலே ஏற வேண்டும். நம் மலைகளில் ஏறுவதற்கு மீதி இடம் அதிகமில்லை. நிழல் மரங்களைக் காத்து, பழுத்த பழத்தை மட்டும் பறித்து, கவனமாக உலர்த்துபவருக்கு அதற்கேற்ற விலை கிடைத்தால்தான் அவர் காப்பியை விடாமல் வைத்திருப்பார். வாங்குபவர் சிக்கரி எவ்வளவு என்று கேட்பதோடு, கொட்டை எந்த மலையில் விளைந்தது என்றும் கேட்கத் தொடங்கினால், ஏற்காடும் தாண்டிக்குடியும் கடைப்பலகையில் இடம்பெற வழி பிறக்கும்.