பல்லில் ஒட்டுதல்: ஒரு நூற்றாண்டின் வரலாறு

சொத்தை விழுந்த பல்லைக் குடைந்து அடைக்கும் முறை, அடைக்கும் பொருள் பல்லோடு ஒட்டாது என்ற நிலையை ஏற்றுக்கொண்டே நெடுங்காலம் வளர்ந்து வந்தது. வெள்ளியும் வெள்ளீயமும் கலந்த தூளைப் பாதரசத்தோடு குழைத்துச் செய்யப்படும் அமால்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து உலகெங்கும் பரவிய அடைப்புப் பொருளாக இருந்தபோதிலும், அதற்கும் பல்லுக்கும் இடையே எந்தப் பிணைப்பும் ஏற்படுவதில்லை. எனவே குழியின் வாயைக் குறுக்கி உட்புறத்தை அகட்டி, கெட்டிப்பட்ட அடைப்பு வெளியே வர இயலாதபடி பூட்டிவைப்பதே ஒரே வழியாயிற்று. அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி.வி. பிளாக், 1908இல் வெளியிட்ட தம் பெருநூலில் இக்குழிகளின் வடிவங்களை வரையறுத்ததுடன், சொத்தை மீண்டும் வராதிருக்க அருகிலுள்ள பள்ளங்களையும் சேர்த்துக் குடைய வேண்டும் என்ற கொள்கையையும் நிலைநாட்டினார். அக்காலத்துப் பொருள்களுக்கு அது பொருந்திய கொள்கையே. எனினும் அதன் விலையாகக் கழிந்தது நோயற்ற பல்.

ஒரு நீர்மம் ஒரு திண்மப் பரப்பில் ஒட்டவேண்டுமானால், முதலில் அது அப்பரப்பில் பரவி நனைக்க வேண்டும். துளியின் விளிம்பு பரப்போடு உண்டாக்கும் சேர்கோணம் எவ்வளவு சிறியதோ, அவ்வளவு நன்றாக நனைத்தல் நிகழ்கிறது என்பதைத் தாமஸ் யங் 1805லேயே விளக்கியிருந்தார். ஆனால் வாயினுள் இருக்கும் பல்லின் பரப்பு வெறும் கனிமப் பரப்பன்று. உமிழ்நீரிலிருந்து படியும் புரதப் படலம் அதன் பரப்பு ஆற்றலைக் குறைத்துவிடுகிறது. அதன்மேல் ஈரமும் படிந்திருக்கிறது. குடையப்பட்ட இடத்திலோ, கருவி அரைத்த துகள்கள் அப்பிய மெல்லிய படிவு ஒன்று மூடிக்கிடக்கிறது. இத்தகைய பரப்பில் ஊற்றப்பட்ட பிசின், பல்லோடன்றி அதன்மேல் கிடந்த அழுக்கோடும் ஈரத்தோடும் மட்டுமே தொடர்பு கொண்டது.

இரண்டாம் உலகப் போரையொட்டி வாயிலேயே கெட்டிப்படும் அக்ரிலிக் பிசின்கள் அறிமுகமானபோது இக்குறை வெளிப்படையாயிற்று. கெட்டிப்படுகையில் அவை சுருங்கின. சூட்டிலும் குளிரிலும் பல்லைவிட மிகுதியாக விரிந்து ஒடுங்கின. ஆதலால் விளிம்பில் தோன்றிய இடைவெளி வழியே உமிழ்நீர் கசிந்து உட்புகுந்தது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஆஸ்கர் ஹாகர், 1949இல் அமிலத்தன்மை கொண்ட ஒரு பிசினை உருவாக்கிப் பல்லோடு பிணைப்பு ஏற்படுத்த முயன்றார். அதைப் பயன்படுத்திய பற்களை ஆராய்ந்த கிராமரும் மெக்லீனும், பிசினுக்கு அடியிலிருந்த திசு சாயம் ஏற்கும் முறையில் மாறியிருந்ததை 1952இல் பதிவுசெய்தனர். அம்மாற்றத்தின் பொருள் முழுமையாக விளங்க இன்னும் முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

திருப்புமுனை நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் நேர்ந்தது. உலோகத்தில் வண்ணப்பூச்சு நன்றாகப் பற்றுவதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசப்படுவதை அறிந்திருந்த மைக்கேல் புவனோகோர், அதே வழியைப் பல்லிலும் கையாண்டு 1955இல் தம் ஆய்வை வெளியிட்டார். பல்லின் வெளியுறையான எனாமல், எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமத்தால் ஆனது. 85 சதவீதப் பாஸ்பாரிக் அமிலத்தை 30 நொடிகள் பூசிக் கழுவியபோது, மேற்படலம் நீங்கிப் பரப்பு ஆற்றல் உயர்ந்ததோடு, அதன் கனிமத் தண்டுகள் வேறுபட்ட அளவில் கரைந்ததால் எண்ணற்ற நுண்துளைகளும் தோன்றின. அத்துளைகளுள் இறங்கிக் கெட்டிப்பட்ட பிசின், வேர்போல ஊன்றிநின்றது. பல்லில் ஒட்டும் பசையைத் தேடி நடந்த முயற்சிகளுக்கு இடையே, பசை ஒட்டும்படி பல்லின் பரப்பையே மாற்றலாம் என்று கண்டதில்தான் புவனோகோரின் பெருமை அடங்கியுள்ளது.

அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய ரஃபேல் போவன், சுருக்கம் குறைந்த புதிய பிசினைக் கண்டுபிடித்து, அதில் கண்ணாடித் துகள்களைச் சேர்த்து வலுவூட்டி, 1962இல் காப்புரிமை பெற்றார். இன்று காம்போசிட் எனப்படும் பல்நிற அடைப்புகள் இதிலிருந்து கிளைத்தவையே. கடைவாய்ப் பற்களின் பள்ளங்களைச் சொத்தை தொடங்குமுன்னரே பிசினால் மூடும் முறையும், பற்களைச் சீரமைக்கும் கம்பிகளைத் தாங்கும் பிடிகளை நேரடியாகப் பல்லில் ஒட்டும் முறையும் இவ்வழியே உருவாயின.

எனாமலுக்கு உட்புறமுள்ள டென்டின் இவ்வளவு எளிதில் இணங்கவில்லை. எடையில் ஏறத்தாழ 70 சதவீதமே கனிமமும், எஞ்சியது பெரும்பாலும் கொலாஜன் என்னும் நார்ப்புரதமும் நீருமாக அமைந்த அத்திசுவில், பல்லின் நடுவிலுள்ள மென்திசுவான பற்கூழ் வரை செல்லும் நுண்குழல்கள் ஈரத்தைச் சுரந்துகொண்டேயிருக்கின்றன. அங்கு அமிலம் பட்டால் பற்கூழ் கெடும் என்ற அச்சமும் நிலவியது. ஜப்பானின் புசாயாமா 1979இல் எனாமல், டென்டின் இரண்டையும் ஒருங்கே அமிலமிட்டுக் காட்டியும், மேற்குலகம் தயங்கியது. 1982இல் நகாபயாஷியும் அவர்தம் குழுவினரும், அமிலத்தால் கனிமம் நீங்கிய கொலாஜன் வலைக்குள் பிசின் ஊடுருவிக் கெட்டிப்பட்டு, பாதி பல்லும் பாதி பிசினுமான கலப்புப் படலமாக மாறுவதை நிறுவினர். கழுவியபின் டென்டினை முற்றிலும் உலர்த்தினால் இவ்வலை படிந்து பிசினுக்கு வழியடைத்துவிடும் என்பதால், சற்றே ஈரமாக விடவேண்டும் என்ற நெறி 1990களில் வேரூன்றியது.

இதற்கு இணையாக, நுண்துளைகளை நம்பாமல் வேதிப்பிணைப்பையே நாடிய மற்றொரு மரபும் இங்கிலாந்தில் வளர்ந்தது. டென்னிஸ் ஸ்மித் 1968இல் அறிமுகப்படுத்திய பாலிகார்பாக்சிலேட் சிமெண்டின் அமிலத் தொகுதிகள், பல்லிலுள்ள கால்சியத்தோடு நேரடியாகப் பிணைந்தன. வில்சனும் கெண்டும் 1970களின் தொடக்கத்தில் அதே அமிலத்தை ஃபுளூரைடு செறிந்த கண்ணாடித் தூளோடு சேர்த்துக் கண்ணாடி அயனோமரை உருவாக்கினர். 1980களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரமும் துளைப்பானும் இல்லாத இடங்களில், கைக்கருவியால் சொத்தையை மட்டும் சுரண்டியெடுத்து அடைக்கும் சிகிச்சை தொடங்கப்பட்டது. பின்னர் அதற்கு உறுதுணையானது இந்தக் கண்ணாடி அயனோமரே.

கலப்புப் படலம் நீராலும், டென்டினிலேயே உறைந்திருக்கும் நொதிகளாலும் ஆண்டுகள் செல்லச்செல்ல நலிவுறுகிறது என்பதால், ஆய்வு இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆயினும் அடைப்பைப் பூட்டிவைப்பதற்காகப் பல்லைச் செதுக்கிய காலம் மாறி, நோயுற்ற பகுதியை மட்டும் நீக்கினால் போதும் என்ற நிலை வந்திருக்கிறது. மீண்டும் வளராத ஓர் உறுப்பில் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் காப்பது பெரும்பேறு; பரப்பின் இயல்பை அறிந்த அறிவியல் மனிதருக்கு அளித்த கொடை அதுவே.