தொலைவில் கூடிய பல்லியம்

'பேஞ்சோ' என்றதும், தட்டச்சுப்பொறி போல விசைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல் தரங்கமே நம்மவர் பலர்க்கு நினைவில் எழும். அது ஜப்பானில் பிறந்த தைஷோகோத்தோவின் வழிவந்தது. ஈண்டு நான் கூறப்புகும் பாஞ்சோ வேறு. வட்டமான தோல் முகமும் நீண்ட தண்டும் உடைய அந்நரம்புக் கருவியை அமெரிக்காவுக்கே உரியதெனப் பலரும் கருதுவர். அதன் வேரோ ஆப்பிரிக்காவில் உள்ளது.

மேற்கு ஆப்பிரிக்காவினின்று அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள், கரீபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் சுரைக்குடுக்கையின்மேல் தோல் போர்த்து, நரம்பு பூட்டித் தம் தாயகக் கருவிகளை நினைவிலிருந்தே மீண்டும் ஆக்கினர். யாழின் பத்தரையும் போர்வையையும் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. 1687 முதல் 1689 வரை ஜமைக்காவில் தங்கிய மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன், 1707-இல் வெளியிட்ட நூலில் அத்தகைய கருவிகளின் ஓவியத்தைத் தந்துள்ளார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், வெள்ளையர் முகத்தில் கரிபூசிக்கொண்டு கறுப்பினத்தாரை எள்ளி ஆடிய மேடைகளே இக்கருவியை ஊர்தோறும் பரப்பின. இதனை மறைத்துப் பாஞ்சோவின் வரலாற்றை எழுதுதல் முறையன்று.

அந்நூற்றாண்டின் இறுதியில், பொழுதுபோக்காக வாசிப்போர் குழுக்களாகக் கூடினர். பிலடெல்பியாவில் எஸ். எஸ். ஸ்டூவர்ட் என்பார் கருவிகளைச் செய்து விற்றதோடு இதழொன்றும் நடத்தினார். சிறிதும் பெரிதுமான பாஞ்சோக்களைச் சேர்த்துப் பல்லியங்கள் அமைந்தன. 1902-இல் பாஞ்சோ, மாண்டலின், கிட்டார் இசைப்போர்க்கென அமெரிக்காவில் ஒரு சங்கமும் தோன்றிற்று. இசைத்தாள் அஞ்சலில் செல்லலாம். வாசிப்போர் மட்டும் ஓரிடத்தில் கூடியே ஆகவேண்டும்.

2020-இல் பெருந்தொற்று அக்கூடுகையைத் தடுத்தது. மார்ச் 18-இல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், என் மாணவரை இணையத்தில் ஒருசேரப் பாடச் செய்து பார்த்தேன். முதலடியை ஒருவன் முடிக்கும்போது மற்றொருத்தி அதனைத் தொடங்கிக்கொண்டிருந்தாள். பிழை பிள்ளைகளுடையதன்று.

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். பத்து மீட்டர் தள்ளி அமர்ந்தவரின் ஒலி ஏறத்தாழ 30 மில்லிநொடி தாழ்ந்தே நம்மை எட்டும். சேர்ந்திசைப்போர் தாங்கும் தாழ்வு ஏறத்தாழ அவ்வளவே. இணையவழிக் கூட்டங்களில் அது பன்மடங்காகும். ஒருவர்க்காக மற்றவர் காத்திருக்க, நடை தளர்ந்துகொண்டே போகும். நீண்டொலிக்கும் குரலில் சிறு விலகல் மறையக்கூடும்; பாஞ்சோவின் ஒலியோ சட்டென எழுந்து சட்டென மாய்வது. அதில் விலகல் மறையாது.

ஆதலின் ஒருசேர வாசிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு வேறு வழி கண்டனர். 2010-இல் அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேகர், 12 நாடுகளைச் சேர்ந்த 185 பாடகர் தனித்தனியே பதிந்தனுப்பிய குரல்களை ஒன்றிணைத்துக் காட்டியிருந்தார். பாஞ்சோ ஆர்வலர்க்கும் அம்முறையே கைகொடுத்தது. அமைப்பாளர் எளிய மெட்டொன்றைத் தேர்ந்து, சுருதியையும் நடையையும் வரையறுத்து, தாளத் தட்டொலியுடன் வழிகாட்டிப் பதிவொன்றை அனைவர்க்கும் அனுப்புவார். முதல் நான்கு தட்டுகள் வெறுமனே ஒலிக்கும். ஒவ்வொருவரும் அதனைக் காதொலிப்பானில் கேட்டவாறே வாசித்து, தம் ஒலியை மட்டும் கைப்பேசியில் பதிவர். காதொலிப்பான் இன்றேல் வழிகாட்டியின் ஒலியும் பதிவில் புகுந்துவிடும். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டச் சொல்வதும் உண்டு. பின்னர்ப் பதிவுகளை நேர்நிறுத்த அதுவே அடையாளம். கைதேர்ந்தவர்க்கு மெட்டு, புதியவர்க்குச் சில மீட்டல்கள் எனப் பங்கிடுதலும் அமைப்பாளர் கடமையே. இதிலேதான் அவர்தம் ஆசிரியத்தன்மை வெளிப்படும் என்பேன்.

ஆயினும் இழப்பும் உண்டு. வாசிப்பவர் கேட்பது வழிகாட்டியை மட்டுமே. உடன் வாசிப்போரை அன்று. அமெரிக்க நாட்டுப்புற இசையில், வட்டமாக அமர்ந்து ஒரே மெட்டைப் பன்முறை சுற்றி வாசிப்பர். இதுவே இறுதிச் சுற்று என்பதற்கு ஒருவர் காலை உயர்த்திக் காட்டுவார். தொலைவுப் பல்லியத்தில் கால் உயர்த்துவார் எவருமிலர். எத்தனை சுற்று என்பது முன்னரே தாளில் எழுதி அனுப்பப்பட்டிருக்கும்.